நைலின் மேற்குக் கரையில் மூன்று கல்லறை போதும்

வாசகர் கேள்வி – பதில்

கெய்ரோவில் விடியற்காலை விமானம் ஏறி, லக்ஸரில் கோயில்களையும் கல்லறைகளையும் பார்த்துவிட்டு அன்றிரவே கெய்ரோவுக்குத் திரும்பியதைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் இரண்டு முறை இப்படிப் போயிருக்கிறேன். முதல் முறை பெரிய குழுவோடு. இரண்டாம் முறை அக்காவும் நானும் மட்டும், எங்களுக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு. என் பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பயணத்திலிருந்துதான் வருகின்றன.

எகிப்து வரை போய்விட்டு லக்ஸரை ஒரே நாளில் பார்ப்பது அரைகுறையாகிவிடாதா? ரயிலில் போய் இரண்டு நாள் தங்கினால் என்ன?
– வங்கியில் வேலை பார்க்கும் வாசகர்

இரண்டு நாள் கையில் இருந்தால் கண்டிப்பாகத் தங்குங்கள், அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் எகிப்துக்கு வரும் பலருக்கு மொத்தமே நாலைந்து நாள்தான். கெய்ரோவிலிருந்து லக்ஸருக்கு ரயிலில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். விமானத்தில் ஒரு மணி நேரம். விடுமுறை குறைவு என்பதற்காக லக்ஸரையே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பிரமிடுகளை மட்டும் பார்த்துவிட்டு எகிப்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பிரமிடுகளின் காலம் வேறு, லக்ஸரின் காலம் வேறு. நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது.

எங்கள் நாள் இப்படிப் போனது. அதிகாலை 3.30-க்கு விடுதி வாசலில் கார். 5.45-க்கு விமானம். 7 மணிக்கு லக்ஸர் விமான நிலையத்தின் வாசலில் வழிகாட்டி காத்திருந்தார். 8 மணிக்கு அரசர்களின் பள்ளத்தாக்கில் இருந்தோம். இரவு விமானம் பிடித்துக் கெய்ரோ விடுதிக்குத் திரும்பும்போது மணி 11. உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

விமானத்தில் ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். எகிப்து என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்த ஜன்னல்தான். கண்ணுக்கு எட்டிய வரை மணல், நடுவே நைல், அதன் இரு கரையிலும் பச்சையாக ஒரு பட்டை. அந்தப் பச்சை மெல்ல மெல்ல வெளிறி மணலாக மாறுவதில்லை. கத்தரித்த மாதிரி சட்டென்று முடிகிறது. ஒரு காலை வயலிலும் மறு காலை பாலைவனத்திலும் வைத்து நிற்கலாம் என்று சொல்வார்கள். கீழே இறங்கிய பிறகு அக்கா அப்படியே நின்றும் பார்த்தாள். நைலின் கிழக்குக் கரை சூரியன் உதிக்கிற கரை; வாழ்கிறவர்களின் ஊரும் கோயில்களும் அங்கே. மேற்குக் கரை சூரியன் மறைகிற பக்கம், இறந்தவர்களுக்கு உரியது. தீப்ஸ் என்ற அந்தப் பழைய தலைநகரத்தின் மொத்த அமைப்பும் மேலிருந்து பார்க்கும்போது ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அரைகுறையாகாமல் இருக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பயணப் பட்டியலில் ஏழெட்டு இடம் போட்டிருப்பார்கள். முதல் முறை நான் அத்தனையும் பார்த்தேன். ஊர் திரும்பியதும் எந்தச் சுவர் எந்தக் கல்லறையில் இருந்தது என்றே நினைவில்லை. இரண்டாம் முறை நான்கே இடம்: பள்ளத்தாக்கு, அங்கே கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்களின் ஊர், கர்னக் கோயில், லக்ஸர் கோயில். போகிற வழியில் மெம்னான் சிலைகள் என்ற இரண்டு பெரிய கற்சிலைகளுக்குப் பத்து நிமிடம். அந்த நான்கையும் இன்றைக்கும் கண்ணை மூடினால் சுற்றி வர முடியும்.

ஹட்ஷெப்சுட் அரசியின் கோயிலையே விட்டுவிட்டீர்களா?
– இதே கேள்வியை ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்

முதல் பயணத்தில் பார்த்திருந்ததால் விட்டேன். முதல் முறை போகிறவர்கள் விடவே கூடாது. செங்குத்தான மலைச்சுவரின் அடியில் மூன்று அடுக்காகக் கட்டிய கோயில். இரண்டாம் அடுக்கில், அரசி புன்ட் என்ற தேசத்துக்குக் கப்பல் அனுப்பி வாசனை மரங்களை வேரோடு கொண்டுவந்த கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். கப்பலுக்கு அடியில் தண்ணீரில் நீந்தும் மீன்களைக் குனிந்து பாருங்கள். இன்ன மீன் என்று இனம் சொல்லும் அளவுக்குத் துல்லியமாக இருக்கின்றன. அரசியின் உருவத்தைப் பல இடங்களில் கொத்தி அழித்திருக்கிறார்கள். அவருக்குப் பின் தனியாக ஆண்ட மூன்றாம் துட்மோஸின் காலத்தில் நடந்த வேலை அது. கொத்திய இடத்திலும் அவருடைய வடிவம் நிழல் போலத் தெரிகிறது. நிழல் இல்லாத இடம், அதனால் காலை 10 மணிக்குள் போய்விடுங்கள்.

வழிகாட்டி கல்லறைக்குள் வந்து விளக்கம் சொல்ல மாட்டாராமே? அப்படியென்றால் அவருக்கு எதற்குப் பணம்?
– அரசு ஊழியர், ஓய்வு

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பள்ளத்தாக்கின் கல்லறைகளுக்குள் வழிகாட்டிகள் நின்று பேசக் கூடாது. குறுகிய வழியில் கூட்டம் தேங்கிவிடும். தேங்கும் கூட்டத்தின் மூச்சும் வியர்வையும் ஓவியங்களுக்கு ஆகாது. அதனால் எல்லாப் பாடமும் வெளியே, உள்ளே போவதற்கு முன்புதான்.

ஆனால் நல்ல வழிகாட்டி யார் என்பதும் அங்கேதான் தெரியும். எங்களோடு வந்தவர் லக்ஸரிலேயே பிறந்து வளர்ந்த பெண், எகிப்தியவியல் படித்தவர். தோளில் ஒரு துணிப்பை. அதிலே கல்லறைச் சுவர்களின் படங்களை அச்சிட்டு, ஓரம் மடங்கிப்போன உறைகளில் வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லறை வாசலிலும் நிழலான பெஞ்சு ஒன்றில் எங்களை உட்காரவைத்து, "உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் இது வரும். கடைசி அறையில் தலையைத் தூக்கினால் இது" என்று படத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். மூன்று விஷயம் மட்டும் சொல்வார், நாலாவது கிடையாது. உள்ளே போய் அந்த மூன்றையும் நாங்களே தேடிக் கண்டுபிடித்தபோது இருந்த சந்தோஷம், பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே வந்திருந்தால் கிடைத்திருக்காது.

நுழைவாயிலில் பார்வையாளர் கூடத்தை மட்டும் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். அங்கே பள்ளத்தாக்கின் மாதிரி ஒன்று கண்ணாடி போன்ற பொருளில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் மலை. குனிந்து அடியில் பார்த்தால், வேர்கள் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு கல்லறையும் பாறைக்குள் இறங்குவது தெரியும். ஐந்து நிமிடம் போதும்.

பொதுச் சீட்டில் மூன்று கல்லறைதான் பார்க்கலாம் என்கிறார்கள். எந்த மூன்று? துட்டன்காமனுக்குத் தனியாகப் பணம் கட்டலாமா?
– குடும்பத்தோடு டிசம்பரில் கிளம்பும் வாசகி

பள்ளத்தாக்கில் கல்லறைகளும் குழிகளுமாக 60-க்கு மேல் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். திறந்திருப்பவை சில மட்டுமே, அவற்றையும் மாற்றி மாற்றி மூடி ஓய்வு கொடுக்கிறார்கள். அதனால் பட்டியலை வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போக முடியாது. அன்றைக்குத் திறந்திருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டும். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்செஸ் இருவருக்கும் சேர்ந்த கல்லறை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சீட்டு. எங்களிடம் சீட்டுக்கு அட்டையில்தான் பணம் வாங்கினார்கள், ரொக்கம் எடுபடவில்லை.

துட்டன்காமன் கல்லறை மிகச் சிறியது. உள்ளே நாலே அறை, ஓவியம் இருப்பது ஓர் அறையில் மட்டும். அங்கிருந்து எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இப்போது கீசாவில் பிரமிடுகளுக்குப் பக்கத்திலுள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தங்க முகமூடியும் அங்கேதான். ஆனால் அந்தப் பையன் இன்னும் அவன் கல்லறையிலேயே இருக்கிறான். 18, 19 வயதில் இறந்தவன். கண்ணாடிப் பேழைக்குள், கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறான். பாதம் இரண்டும் வெளியே தெரிகின்றன. அக்கா வெகுநேரம் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு சின்னப் பாதம்" என்று மட்டும் சொன்னாள். அவனைப் பார்ப்பதற்காகத்தான் அந்தச் சீட்டு. ஓவியத்துக்காகவோ புதையலுக்காகவோ வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். சுவரில் இருக்கும் பழுப்புப் புள்ளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை எப்போதோ செத்துப்போன நுண்ணுயிர்களின் கறை. கல்லறையைத் திறந்த புதிதில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, அவை வளரவில்லை என்று உறுதிசெய்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு தனிச் சீட்டுதான் வாங்க முடியும் என்றால் நான் ஆறாம் ராம்செஸைத்தான் சொல்வேன். கடைசி அறைக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். வானமே ஒரு பெண். நுட் என்ற தேவி. அவள் உடம்பு கூரையின் நீளத்துக்கு இரண்டு முறை, முதுகோடு முதுகாக வரையப்பட்டிருக்கிறது. ஒன்று பகல், ஒன்று இரவு. மாலையில் அவள் சூரியனை விழுங்குகிறாள். சிவப்பு வட்டமாகச் சூரியன் அவள் உடம்புக்குள்ளேயே இரவு முழுவதும் பயணம் செய்து காலையில் மறுபடி பிறக்கிறது. கருநீலத்தின் மேல் மஞ்சள். 3,100 ஆண்டுக்கு முந்திய வண்ணம் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் கண் நம்ப மறுக்கிறது.

இந்தக் கல்லறைக்கும் துட்டன்காமனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதை வெட்டிய காலத்தில் வேலையாட்கள் போட்ட குடிசைகள் துட்டன்காமன் கல்லறையின் வாசல் மீதே இருந்தன. வாசல் இருந்த இடமே மறந்துபோனதால்தான் அது பிற்காலக் கொள்ளையர்களிடமிருந்து தப்பியது. அந்தக் குடிசைகளின் அடித்தளத்தைத் தோண்டும்போதுதான் 1922 நவம்பர் 4-ம் தேதி ஆங்கிலேய அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் முதல் படியைக் கண்டார்கள்.

பொதுச் சீட்டின் மூன்றில் ஒன்று, திறந்திருந்தால், ஹோரம்ஹெப் அரசரின் கல்லறை. ஏன் என்று அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

வெளிச்சமே இல்லாத இடத்தில் எப்படி அவ்வளவு அழகாக வரைந்தார்கள்? யார் வரைந்தார்கள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி

கண்ணம்மா, இத்தனை கடிதத்தில் வரைந்தவர்களைப் பற்றிக் கேட்டது நீ ஒருத்திதான். உனக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மலைக்கு இந்தப் பக்கம் டெய்ர் எல் மெதினா என்று ஓர் ஊர் இருக்கிறது. இடுப்பளவு சுவர்கள் மட்டும் மிஞ்சிய, ஒடுக்கமான ஒரே தெரு. அரசர்களின் கல்லறைகளை வெட்டியவர்களும் செதுக்கியவர்களும் வரைந்தவர்களும் குடும்பத்தோடு இங்கேதான் இருந்தார்கள். அப்பனுக்குப் பிறகு மகன், அவனுக்குப் பிறகு பேரன். இவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். கணக்கையும் கடிதத்தையும் சண்டையையும் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக் கல் சில்லிலும் எழுதிப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதனால் 3,000 ஆண்டுக்கு முன் உழைத்த இந்த மனிதர்களை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

வெளிச்சத்துக்கு விளக்குதான். துணியை முறுக்கித் திரி செய்து கொழுப்பில் ஊறவைத்து எரித்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை திரி கிடங்கிலிருந்து போயிற்று என்று எழுத்தர் கணக்கு வைத்தார். செம்பு உளி விலை உயர்ந்த பொருள். கொடுக்கும்போது எடை, திரும்ப வாங்கும்போதும் எடை. பத்து நாள் சேர்ந்ததுதான் அவர்களுடைய வாரம். வேலை நாட்களில் மலைமேல் ஒரு முகாமில் படுத்துக்கொள்வார்கள். ஒரு கல் சில்லில் வருகைப் பதிவேடு இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40-வது ஆண்டில் எழுதியது. இன்னார் இன்ன நாள் வரவில்லை, காரணம் இன்னது என்று வரிசையாக இருக்கும். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். இன்னொருவன் இறந்துபோன தன் சகோதரனின் உடலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து, எந்தக் கல்லறைக்குள் போனாலும் அரசனை விட அந்தத் தொழிலாளிதான் எனக்கு நினைவில் வருகிறான்.

இவர்களுக்குக் கூலி தானியம். மூன்றாம் ராம்செஸின் 29-வது ஆண்டில் தானியம் வராமல் நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கோயில்களின் அருகே உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, உடுக்கத் துணி இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, இதை அரசருக்கு எழுதுங்கள் என்று சொன்னதை எழுத்தர் அப்படியே குறித்து வைத்திருக்கிறார். உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான். தானியம் வந்தது.

இப்போது ஹோரம்ஹெப் கல்லறைக்கு வருகிறேன். அரசர் இறந்தபோது அங்கே வேலை முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டது. ஒரே சுவரில் வேலையின் எல்லாக் கட்டத்தையும் நீ பார்க்கலாம். முதலில் ஒருவர் சிவப்பு மையில் வரைந்திருக்கிறார். அவரை விடக் கைதேர்ந்தவர் பிறகு வந்து கறுப்பு மையில் திருத்தியிருக்கிறார். அப்புறம் உளி. உளி வந்து நின்ற இடம் அப்படியே இருக்கிறது. அதற்கு அப்பால் வெறும் கோடு. என் அக்கா ஓவிய ஆசிரியையாக இருந்தவள். ஓர் உருவத்தின் தோளைக் காட்டி, "இங்கே பார், சிவப்பில் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கறுப்பில் தூக்கிவிட்டிருக்கிறார்" என்றாள். விரல் நகத்தின் அகலம்தான் வித்தியாசம். இருட்டில், திரி வெளிச்சத்தில், யாருமே பார்க்கப் போவதில்லை என்று மூடப்போகிற ஒரு சுவரில், அந்த நக அகலத்துக்காக ஒருவர் திரும்பி வந்திருக்கிறார்.

நீ போனால் தொழிலாளர் ஊருக்குப் பக்கத்திலேயே சென்னெஜெம் என்பவருடைய கல்லறையைப் பார். அரசர்களுக்கு உழைத்தவர் தனக்கென்று அமைத்துக்கொண்டது. ஒரு சின்ன அறைதான். கணவனும் மனைவியும் மறுவுலகத்து வயலில் கதிர் அறுக்கிறார்கள். அவன் முன்னால் அரிவாளோடு, அவள் பின்னால் கூடையோடு. வண்ணம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது.

முட்டி வலி உள்ளவர்கள் போகலாமா? என் அம்மாவுக்கு 70 வயது.
– மகள்

தாராளமாகப் போகலாம், தேர்ந்தெடுத்துப் போகவேண்டும். என் அக்காவுக்கும் முட்டி வலிதான். பார்வையாளர் கூடத்திலிருந்து கல்லறைகளின் பக்கம் வரை பேட்டரி வண்டி உண்டு. இரண்டாம் ராம்செஸுக்குப் பின் வந்த அரசர்கள் பலரின் கல்லறைகள் பெரும்பாலும் சரிவான பாதைதான். நான்காம் ராம்செஸ் கல்லறை அகலமாக, நேராக, படிகள் குறைவாக இருக்கும். அம்மாவுக்கு அதுதான் முதல் தேர்வு. மூன்றாம் துட்மோஸின் கல்லறை வேண்டவே வேண்டாம். பாறை இடுக்கில் உயரமாக இருக்கிறது, இரும்புப் படி ஏறி மறுபடி இறங்க வேண்டும். ஹோரம்ஹெப்பும் செங்குத்தான இறக்கம். அக்கா பிடிவாதமாக இறங்கினாள், மேலே வரும்போது நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். சென்னெஜெம் கல்லறையில் குனிந்து இறங்க வேண்டியிருந்ததால் அங்கே அவள் வெளியிலேயே இருந்துவிட்டாள். உள்ளே வெளியை விடப் புழுக்கம் அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும்.

போகிற வழியில் கடை கடையாக இறக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே?

முதல் பயணத்தில் எங்களுக்கு நடந்தது அதுதான். பயண ஏற்பாட்டாளர் அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் தொழிலாளர் ஊர் இருந்தது. ஆனால் பேருந்து போய் நின்றது வெண்கல் ஜாடி செய்யும் ஒரு பட்டறையில். 50 நிமிடம். அதன் பிறகு பாப்பிரஸ் ஓவியக் கடை. வெளியே வந்தபோது "நேரமாகிவிட்டது, அடுத்தது கர்னக்" என்றார்கள். சண்டை போடாமல் வந்துவிட்டேன், அந்த வருத்தம் இரண்டாம் முறை போகும் வரை தீரவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே "கடைகள் வேண்டாம்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன், ஒரு கடையிலும் வண்டி நிற்கவில்லை.

பாப்பிரஸ் வாங்க ஆசை என்றால் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நிஜமான பாப்பிரஸில் நார்ப்பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். வாழை நாரில் செய்து விற்பதும் உண்டு. அப்புறம், சில்லறைப் பவுண்டு நோட்டுகள் கையில் இருக்கட்டும். கழிப்பறை வாசலில் தேவைப்படும். கல்லறைக்குள் காவலர் ஒருவர் கை காட்டிக் கூப்பிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னால் போகாதீர்கள். "லா, ஷுக்ரன்" என்றால் வேண்டாம், நன்றி. சுவரைத் தொடவே தொடாதீர்கள், உங்கள் பையும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகில் மாட்டும் பையை முன்பக்கம் போட்டுக்கொண்டு நடப்பது நல்லது.

துட்டன்காமன் கல்லறையைத் திறந்தவர்களுக்குச் சாபம் பிடித்தது உண்மையா?

கார்ட்டரின் அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரல் 5-ம் தேதி, கொசுக்கடி புண்ணாகி நஞ்சேறியதில் இறந்தார். உடனே பத்திரிகைகள் சாபம் என்று எழுதின. கல்லறையைக் கண்டுபிடித்து, அதற்குள்ளேயே பல ஆண்டு வேலை செய்த கார்ட்டர் 1939 வரை இருந்தார்.

அபு சிம்பெலையும் அதே நாளில் விமானத்தில் பார்த்துவிடலாமா?
– இளம் தம்பதி

அதே நாளில் வேண்டாம். அது அஸ்வானுக்கும் தெற்கே, சூடான் எல்லையை ஒட்டி இருக்கிறது. அஸ்வானில் ஓர் இரவு தங்கி அங்கிருந்து போவதுதான் வழக்கம். சாலையில் மூன்றரை மணி நேரம், விமானத்தில் முக்கால் மணி. நான் சாலை வழியாகப் போனேன்.

இரண்டாம் ராம்செஸ் மலையைக் குடைந்து செய்த கோயில். வாசலில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலைகளும் ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம். அஸ்வான் உயர் அணை கட்டியபோது ஏரியில் மூழ்கவிருந்ததை 1964-லிருந்து 1968-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, பழைய இடத்தை விடச் சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடி பொருத்தினார்கள். நான்கில் ஒரு சிலையின் தலையும் மார்பும் பழங்கால நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்தவை. இடம் மாற்றியபோது அந்த உடைந்த துண்டுகளையும் முன்பு விழுந்து கிடந்தபடியே தரையில் கிடத்தியிருக்கிறார்கள். ஒட்டவைத்திருக்கலாம், வைக்கவில்லை. எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை.

பிரமிடு காலத்து எகிப்தில் தமிழ் எழுத்து இருக்கிறதாமே? வழிகாட்டி காட்டுவாரா?
– தமிழாசிரியர்

பிரமிடு காலம் இல்லை ஐயா, அதற்கு வெகுகாலம் பிந்தி, ரோமானியர் எகிப்தை ஆண்ட காலம். அப்போதே இந்தக் கல்லறைகள் சுற்றுலா இடங்கள்தான். கிரேக்க, லத்தீன் எழுத்தில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட கிறுக்கல்கள் இந்தச் சுவர்களில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தமிழ் பிராமி எழுத்துகளையும் இங்கோ ஸ்ட்ராச், சார்லொட் ஷ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அண்மையில் படித்து வெளியிட்டார்கள். சிகை கொற்றன் என்ற ஒருவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரைக் கீறியிருக்கிறார், வந்து கண்டதாகவும் சொல்லியிருக்கிறார். நான் போனபோது இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. அவர் நின்ற வாசல்களில் நானும் நின்றுவிட்டு, பார்க்காமலே வந்திருக்கிறேன். இனி ஒரு முறை போக இதுவே எனக்குப் போதுமான காரணம். வழிகாட்டி தானாகக் காட்டுவார் என்று நம்பாமல் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அவர் எப்படி வந்திருப்பார் என்பதும் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு, ஒட்டகத்தில் கிழக்குப் பாலைவனத்தைக் கடந்து லக்ஸருக்குச் சற்று வடக்கே கோப்டோஸில் நைலை அடைந்தது. அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா. குஸைர் அல் கதீம் துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. பானை தொங்கவிடும் உறிதான். பெரனிகே துறைமுகத்தின் கோயிலில் ஒரு தாழி நிறைய ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தி இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில், மூக்குத் துளைகளில் மிளகு வைத்து அடைத்திருந்தார்கள்.

கர்னக், லக்ஸர் கோயில் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?
– மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர்

பகல் வெளிச்சம் மிச்சமிருந்தால் கர்னக். 134 தூண்கள் நிற்கிற மண்டபம். நடுவில் இருக்கும் 12 தூண்கள் 21 மீட்டர் உயரம். தூண்களின் உச்சியில், வெயில் படாத உட்பக்கத்தில் மட்டும் பழைய வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பாருங்கள்.

இருட்டிவிட்டால் லக்ஸர் கோயில். சூரியன் மறைந்த பிறகும் திறந்திருக்கும், விளக்கு போடுவார்கள். வாசலில் ஒற்றையாக ஒரு கல் ஊசித்தூண் நிற்கிறது. அதன் ஜோடி 1836 முதல் பாரிஸில் நிற்கிறது. உள்ளே முதல் முற்றத்தில் நுழைந்ததும் இடது பக்கம் மேலே பாருங்கள். கோயில் தூண்களின் மேல் அபு ஹக்காக் பள்ளிவாசல் உட்கார்ந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணும் குப்பையும் வீடுகளும் சேர்ந்து கோயிலைப் பாதி மூடியிருந்த காலத்தில், அன்றைய தரைமட்டத்தில் கட்டியது. பிறகு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பள்ளிவாசலின் பழைய கதவு இப்போது நம் தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில், படி எதுவும் இல்லாமல், சுவரில் தொங்குகிறது.

நாங்கள் அதற்குக் கீழே நின்றிருந்தபோது மாலைத் தொழுகைக்கு அழைப்பு எழுந்தது. வழிகாட்டிப் பெண் கையைக் காட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். முடிந்ததும், பக்கத்துத் தெரு வழியாகப் போனால் பள்ளிவாசலுக்கு இப்போது வேறு வாசல் இருக்கிறது, பத்து நிமிடம் காத்திருக்க முடியுமா என்று கேட்டார். துணிப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் ஒரு தூணின் அடிக்கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்த படங்களை எடுத்து, அன்று பார்த்தவற்றையெல்லாம் மறுபடி ஒரு முறை பார்த்தோம். அவர் திரும்பி வந்தபோது விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.